போர்தாவின் கண்கட்டு

இலேனியா தன் படப் புத்தகத்தைப் பிள்ளைகளுக்குப் படித்துக் காட்ட கா ப்ரூனா ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தபோது பிற்பகல் இரண்டு மணி. நல்ல வெயில். போ நதியின் கழிமுகத்தில் நவம்பர் மாத வெயிலை நம்புகிறவர்கள் வெளியூர்க்காரர்கள்தான். இலேனியா அந்த ஊரிலேயே பிறந்தவள். ஆனால் பதினெட்டு வருஷம் பொலோஞா நகரத்தில் குடியிருந்ததில் அந்தப் புத்தி கொஞ்சம் மழுங்கிவிட்டது. கோட்டைக்கூடக் காரின் பின்சீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினாள்.

புத்தகம் போர்தாவைப் பற்றியது. அந்தத் தாழ்நிலத்தில் போர்தாவைத் தெரியாத பிள்ளை கிடையாது. கண்ணைத் துணியால் கட்டிக்கொண்டு, கையில் கயிறோடு, பனிமூட்டத்தில் கால்வாய்க் கரைகளில் அலைகிறவள். கண் தெரியாவிட்டால் என்ன, காது கூர்மை. தண்ணீர்ப் பக்கம் ஒரு சின்னக் காலடி கேட்டால் போதும், கயிற்றை வீசிக் கழுத்தில் சுருக்கிட்டு உள்ளே இழுத்துக்கொள்வாள். எத்தனையோ தலைமுறை அம்மாக்கள் தங்கள் பிள்ளைகளைத் தண்ணீரண்டை போகவிடாமல் காத்தது இவளை வைத்துத்தான். இலேனியாவின் அம்மா அதில் கைதேர்ந்தவள். கதவுக்குப் பின்னால் நின்று, குரலை அடித்தொண்டைக்கு இறக்கிப் போர்தாவாகப் பேசுவாள். இலேனியா ஒன்பது வயதுவரை படுக்கையை நனைத்தாள்.

அந்தப் பயத்தின்மேல் இருந்த கோபத்தில்தான் மூன்று வருஷம் உட்கார்ந்து இந்தப் புத்தகத்தைச் செய்தாள். அவளுடைய போர்தா கெட்டவள் இல்லை. எவனோ ஒரு மந்திரவாதி கட்டிவிட்ட கண்கட்டு நனைந்து இறுகிப்போய், வீட்டுக்கு வழி தெரியாமல் தவிக்கிறவள். வழி கேட்கத்தான் ஆட்களைக் கூப்பிடுகிறாள்; எல்லோரும் அலறிக்கொண்டு ஓடுகிறார்கள். கடைசியில் நீனா என்கிற சிறுமி பழைய மதகுக்கு அடியில் ஏழு படி இறங்கிப் போகிறாள். ‘வராதே, நான் கோரமானவள், கிட்டே வராதே’ என்று போர்தாவே கெஞ்சுகிறாள். நீனா கேட்பதில்லை. கத்தரிக்கோலால் முடிச்சை வெட்டுகிறாள். விலாங்கு மீன் நிறத்தில் இரண்டு கண்கள் திறக்கின்றன. ஏழு படிகளும் நீனாவின் சிவப்புக் காலணியும் இருக்கிற அந்தப் படத்துக்குத்தான் பரிசு கிடைத்தது. அட்டையிலும் அதையே போட்டார்கள்.

வகுப்பில் பதினேழு பிள்ளைகள். கதை முடிந்ததும் முதல் பெஞ்சிலிருந்து ஒரு பையன், போர்தா கழுத்தை நெரிப்பாள் என்று தன் அப்பா சொல்லியிருப்பதாகச் சொன்னான். உங்கள் அப்பா அவளை நேரில் பார்த்திருக்கிறாரா என்று இலேனியா கேட்டாள். இல்லை என்றான். வகுப்பு சிரித்தது. அவன் பக்கத்தில் இருந்த சிறுமி சிரிக்கவில்லை. மேல்வரிசையில் இரண்டு பல் விழுந்த, ஏழு வயதுப் பெண். பெயர் அம்ப்ரா.

“அந்தப் படிக்கட்டு நெஜமாவே இருக்கா?” என்று கேட்டாள்.

“இருக்கே. உங்க ஊர்லதான். பம்ப் ஹவுஸுக்கு எதிர்க்கரையில, பழைய மதகுகிட்ட. அதைப் பார்த்துத்தான் வரைஞ்சேன்.”

“அவ கண்ணு இன்னும் கட்டியிருக்கா, இல்ல நீனா வெட்டிட்டாளா?”

இலேனியாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துப்போயிற்று. குனிந்து, ரகசியம் சொல்வதுபோலச் சொன்னாள்: “நீனா புத்தகத்துலதானே இருக்கா. நெஜமான போர்தா இன்னும் காத்துக்கிட்டிருக்கா. யாராவது ஒரு தைரியசாலி வரணும்.”

டீச்சர் லொரெல்லா ஜன்னலோரத்திலிருந்து ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். அதற்குப் பிறகு பிள்ளைகள் கண்கட்டிய போர்தாவின் முகத்தைக் காகிதத்தில் வெட்டி ஒட்டினார்கள். இலேனியா புத்தகங்களில் கையெழுத்துப் போட்டாள். சொன்னது அப்போதே அவளுக்கு மறந்துபோனது.

மூன்றரைக்கு அவள் வெளியே வந்தபோது கோயில் மணிக்கூண்டின் பாதியைக் காணவில்லை. கால்வாய்ப் பக்கமிருந்து மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. காரைக் கிளப்பி ஊர் எல்லை வரைக்கும் போனாள். கார் மூக்கே தெரியாமல் போகவும் திரும்பி வந்து, சதுக்கத்தில் இருந்த காப்பிக் கடையில் உட்கார்ந்தாள். அண்ணன் ஒரியானோவுக்குப் போன் செய்து, இன்றைக்கு உன் வீட்டில்தான் படுக்கை என்றாள். அப்பா இருந்தவரை அவர் பார்த்த பம்ப் ஹவுஸ் வேலையை இப்போது அவன்தான் பார்க்கிறான். வயலைவிடக் கடல் உயரத்தில் இருக்கிற பூமி அது. கால்வாயில் தேங்குகிற தண்ணீரை இறைத்து வெளியே தள்ளிக்கொண்டே இருந்தால்தான் ஊர் மூழ்காமல் இருக்கும்.

ஒரியானோ வேனில் வந்து சேர மணி நாலரை ஆகிவிட்டது. தொப்பியைக்கூடக் கழற்றாமல் அவளுக்கு எதிரில் உட்கார்ந்தான்.

“என்ன, பிசாசைப் பிள்ளைங்களுக்குச் சித்தி முறையாக்கிட்டு வந்தாச்சா?”

“அடுத்த தலைமுறையாவது மூத்திரம் போகாம தூங்கட்டும்.”

“மூத்திரம் போனோம். சாகலையே.” அவன் பெரிய வீட்டு மகன் ஒருவனின் பெயரைச் சொல்லி, அவனுடைய தம்பி எப்படிக் கால்வாயில் விழுந்து செத்தான் என்று நினைவிருக்கிறதா என்று கேட்டான். அந்தக் குடும்பம் வெளியூரிலிருந்து வந்தது. அவர்கள் வீட்டில் போர்தா கிடையாது என்றான். இலேனியா அவனுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தபோது கடைக் கதவு திறந்தது.

லொரெல்லா டீச்சர். கோட்டு இல்லை. தலைமுடியில் பனி துளித்துளியாக ஒட்டியிருந்தது. கடையில் இருந்த எல்லோரையும் பார்த்து, காத்யாவுடைய மகள் அம்ப்ராவை யாராவது பார்த்தீர்களா என்று கேட்டாள்.

விஷயம் இதுதான். காத்யா பேரிக்காய்க் கிடங்கில் பொறுக்கிக் கட்டும் வேலை பார்க்கிறவள். ஐந்து மணிக்கு முன் வரமுடியாது. புருஷன் லாரி ஓட்டிக்கொண்டு ஹாம்பர்க் பக்கம் போயிருந்தான். பள்ளி வண்டி தினமும் நாலே காலுக்குக் கடைசி நிறுத்தத்தில் அம்ப்ராவை இறக்கிவிடும்; பக்கத்து வீட்டு சில்வானா வாசலில் நின்று கூட்டிப்போவாள். இன்றைக்கு வண்டிக்காரருக்குப் பனியில் வாசலில் ஓர் உருவம் தெரிந்தது. கை காட்டிவிட்டு இறக்கிவிட்டார். அவர் பார்த்தது, குளிருக்காகச் சாக்கும் துணியும் சுற்றி வைத்திருந்த எலுமிச்சை மரத்தை. சில்வானா ஐந்து நிமிஷம் தாமதமாக வந்தாள். வண்டியும் இல்லை, பிள்ளையும் இல்லை. போலீஸுக்குச் சொல்லியாயிற்று, டவுனிலிருந்து இந்தப் பனியில் அவர்கள் வந்து சேர முக்கால் மணி நேரமாகும். சனங்கள் சாலையிலும் வயல்களிலும் கத்திக்கொண்டு போகிறார்கள்.

“வேற ஒண்ணு,” என்றாள் லொரெல்லா. இப்போது அவள் இலேனியாவை மட்டும் பார்த்தாள். “வகுப்புல கத்தரிக்கோல் எண்ணினேன். ஒண்ணு குறையுது. அப்ப நான் அதைப் பெருசா நினைக்கல.”

இலேனியா கோப்பையைத் தட்டில் வைத்தாள். அம்ப்ராவின் வீடு எந்தக் கரையில் என்று கேட்டாள். எந்தக் கரை என்று அவளுக்கு ஏற்கனவே தெரிந்துவிட்டது போலத்தான் கேட்டாள்.

“வலது கரை,” என்றாள் லொரெல்லா. “கரையோடயே நடந்தா மதகு அறுநூறு மீட்டர்.”

ஒரியானோ எழுந்துவிட்டான். தங்கையைத் திட்டவில்லை, அவளுக்கு அதுவே தாங்கவில்லை. லொரெல்லாவிடம் காத்யா வீட்டுக்குப் போய்ச் சொல்லச் சொன்னான். வேனை நோக்கிப் போகும்போதே கணக்குப் போட்டான். மழையில் கால்வாய் நிறைந்திருக்கிறது. ஒரு பம்ப் ஓடிக்கொண்டிருக்கிறது. மட்டம் இன்னும் ஒரு சாண் ஏறினால் இரண்டாவதும் தானாக ஓட ஆரம்பிக்கும். அந்தப் படிக்கு நேர் எதிரில்தான் தண்ணீரை உறிஞ்சுகிற வாய் இருக்கிறது.

“முதல்ல பம்பை நிறுத்தணும்,” என்றான். “மத்ததெல்லாம் அப்புறம்.”

சதுக்கத்திலிருந்து பம்ப் ஹவுஸ் இரண்டு கிலோமீட்டர். விளக்கைப் போட்டால் வெள்ளைச் சுவர். அணைத்தால் கறுப்புச் சுவர். ஒரு பக்கம் கால்வாய், தடுப்பு கிடையாது. இலேனியா இறங்கி வேனுக்கு முன்னால் சாலை நடுவில் இருந்த வெள்ளைக் கோட்டில் கால்வைத்து ஓடினாள். ஒரியானோ அவள் முதுகைப் பார்த்துக்கொண்டு ஓட்டினான். இரண்டு தடவை விழுந்தாள். மூச்சு நெஞ்சைக் கிழித்தது. ஓடும்போது அவள் மனதில் வந்துகொண்டே இருந்தது பரிசு வாங்கிய அந்தப் படம்தான். படிகளுக்கு அவள் பூசிய பாசிப் பச்சை. குழந்தைகளுக்குத் தொட்டுப் பார்க்கத் தோன்றவேண்டும் என்று ஏழு நாள் அந்தப் பச்சையைக் கலந்து கலந்து பார்த்தாள்.

பம்ப் ஹவுஸை அடைந்தபோது இருட்ட ஆரம்பித்திருந்தது. எந்திரத்தின் உறுமல் காலடி மண்ணையே அதிரவைத்தது. எதிர்க்கரைக்குப் போக மதகின்மேல் ஓர் இரும்பு நடைபாலம் உண்டு, அதற்குப் பூட்டு. சாவி ஒரியானோவின் கொத்தில். அவன் கட்டடத்துக்குள் ஓடிக்கொண்டே, பம்ப் நின்றதும் வருகிறேன், பாலத்தண்டை நில் என்று கத்தினான்.

அவளால் நிற்க முடியவில்லை. கரையில் புல்லைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் விளிம்புவரை இறங்கினாள். எதிர்க்கரை பன்னிரண்டு மீட்டர் தூரம்தான். ஆனால் கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. உறுமல் எல்லாச் சத்தத்தையும் விழுங்கிக்கொண்டிருந்தது. அவளுக்கு நீந்தத் தெரிந்திருந்தால் அப்போதே குதித்திருப்பாள். போர்தாவுக்குப் பயந்து வளர்ந்தவளுக்கு நீச்சல் ஏது.

உறுமல் தாழ்ந்தது. முனகியது. நின்றது.

அந்த அமைதியில் முதலில் தண்ணீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, தண்ணீருக்கு அந்தப் பக்கம், ஒரு சின்னக் குரல், பொறுமையாக எண்ணிக்கொண்டிருந்தது.

“ஒண்ணு.” ஒரு காலணி கல்லில் உரசியது. “ரெண்டு.”

“அம்ப்ரா,” என்றாள் இலேனியா. எவ்வளவு மென்மையாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மென்மையாகச் சொன்னாள். திடுக்கிட்டு வழுக்கிவிடக் கூடாதே என்று.

எண்ணுவது நின்றது. “போர்தாவா?”

தண்ணீருக்கு மேல் பனியில் குரல் எங்கிருந்து வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. படியில் நின்றவளுக்கு அது தண்ணீருக்குள்ளிருந்து, நேர் கீழேயிருந்து வந்தது.

“இல்ல கண்ணு, நான் இலேனியா. கதை படிச்சேனே. அங்கேயே நில்லு. கீழ வராத.”

“வராதேன்னுதான் நீ சொல்லுவ,” என்றது குரல், பெரியமனுஷி தோரணையில். “எனக்குத் தெரியும். பயப்படாத. நான் ஓடிப்போக மாட்டேன். கத்தரிக்கோல் கொண்டாந்திருக்கேன்.”

“வேண்டாம் அம்ப்ரா, வராத, தயவுசெஞ்சு—”

“மூணு.”

தண்ணீர் சளக்கென்றது. ஏழு படியில் இரண்டுதான் அன்றைக்கு மேலே தெரிந்தன, மற்றதெல்லாம் தண்ணீருக்குள். “அய்யோ, சில்லுனு இருக்கு,” என்றது குரல், தனக்குத்தானே. “நாலாவது எங்க இருக்கு?”

இலேனியாவுக்கு அந்த ஒரு நொடியில் எல்லாம் புரிந்தது. கெஞ்சினாலும் வருவாள், அன்பாகக் கூப்பிட்டாலும் வருவாள். இரண்டையும் கதையில் எழுதிவைத்தது அவளேதான். அந்தப் பிள்ளையைத் திருப்பி அனுப்புகிற ஒரு வார்த்தைகூட அந்தப் புத்தகத்தில் இல்லை. அந்த வார்த்தைகள் இருந்தது வேறோர் இடத்தில். அவளுடைய அம்மா கதவுக்குப் பின்னால் நின்ற இடத்தில்.

அவள் மூச்சை இழுத்தாள். குரலை அடித்தொண்டைக்கு இறக்கினாள்.

“யாருடி அது, என் படியில கால வைக்கிறது?”

தண்ணீரில் எல்லாச் சத்தமும் நின்றுவிட்டது.

“கண்கட்டை அவுக்க வந்தியா? எனக்கெதுக்குடி கண்ணு? காது போதும். உன் நெஞ்சு அடிச்சுக்கிறது எனக்குக் கேக்குது. இன்னொரு படி எறங்கு. எறங்கிப் பாரு. கயிறு தயாரா இருக்கு, உன் கழுத்தளவுக்கு முடிச்சுப் போட்டு வச்சிருக்கேன்.”

அது அவள் குரலே இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் செத்துப்போன பயம் ஒன்று எழுந்து அவள் வாயால் பேசிக்கொண்டிருந்தது.

பொளக் என்று ஏதோ தண்ணீரில் விழுந்தது.

விழுந்தது எவ்வளவு பெரிது? சின்னதா? சின்னதாகத்தான் கேட்டது. ஆனால் ஏழு வயதுப் பிள்ளையே சின்னதுதானே. ஒன்று, இரண்டு, மூன்று என்று அவள் எண்ணினாள். தண்ணீர் வளையங்கள் அவள் காலுக்குக் கீழே புல்லில் வந்து தட்டின.

அப்புறம் அந்தப் பக்கத்திலிருந்து “அம்மா” என்றது குரல். அதிலிருந்த பெரியமனுஷித் தோரணை போய்விட்டது. விழுந்தது கத்தரிக்கோல்.

“மேல ஏறு,” என்றாள் இலேனியா, அதே தொண்டையில். “திரும்பாத. பின்னாடியே ஏறு. கைய ஊனி ஏறு. ம். இன்னும். புல்லு வந்துச்சா? உக்காரு. புல்லை ரெண்டு கையாலயும் பிடி. எழுந்து ஓடினியோ, ஓடுற சத்தத்துக்குத்தான் நான் கயிறு வீசுவேன்.”

ஓடினால் கரை வழுக்கும். அதனால் ஓடவும் விடக்கூடாது. இறங்கவும் விடக்கூடாது. நடுவில் ஓர் இடத்தில், பயத்தாலேயே அந்தப் பிள்ளையை ஆணியடித்து வைக்க வேண்டியிருந்தது. அம்ப்ரா அழத் தொடங்கினாள். முதலில் வாய்விட்டு, பிறகு கையால் வாயை மூடிக்கொண்டாற்போல விக்கி விக்கி. போர்தாவுக்குக் கேட்காமல் அழப் பார்த்தாள்.

நடைபாலத்தின் பூட்டு திறக்கிற சத்தமும் இரும்பில் ஒரியானோவின் பூட்ஸ் சத்தமும் கேட்டன. பிறகு அவன் எதிர்க்கரையில் எங்கேயோ நின்று, “எங்க?” என்று கேட்டான். அவனுக்கு எதுவும் தெரியவில்லை. அழுகைச் சத்தம்தான் வழி. அது அடங்கிக்கொண்டே போயிற்று.

இலேனியா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். “சத்தமா அழுடி,” என்றாள். “எனக்குக் கேக்கணும். கேக்கலைன்னா மேல ஏறி வருவேன்.”

அம்ப்ரா அலறினாள். அந்த அலறலைப் பிடித்துக்கொண்டு ஒரியானோ கரையோடு வந்தான். கொஞ்ச நேரத்தில் பனிக்குள் டார்ச் வெளிச்சம் மஞ்சள் கறையாகத் தெரிந்தது. “இருக்கா,” என்றது அண்ணனின் குரல். “தூக்கிட்டேன். இலே, போதும். நிறுத்து.”

அவள் அதற்கு முன்பே நிறுத்திவிட்டிருந்தாள். ஈரப் புல்லில் நெற்றியை வைத்துக் குப்புறக் கிடந்தாள்.

அவள் பாலத்தைத் தாண்டிக் கரையோடு நடந்து காத்யா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது முற்றத்தில் ஊரே நின்றது. பள்ளி வண்டிக்காரர் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தார். சமையலறைக்குள் அடுப்பண்டை நாற்காலியில் காத்யா உட்கார்ந்திருந்தாள். இன்னும் கிடங்கின் நீல மேலங்கியிலேயே இருந்தாள். மடியில் கம்பளிக்குள் அம்ப்ரா. லொரெல்லா பால் சுடவைத்துக்கொண்டிருந்தாள். ஒரியானோ பாதி சொல்லி முடித்திருந்தான்.

இலேனியா வாசற்படியில் நின்றாள். “எப்படி இருக்கா?” என்று கேட்டாள். தொண்டை கரகரத்துப் போயிருந்தது.

கம்பளிக்குள்ளிருந்து தலை நிமிர்ந்தது. அம்ப்ரா அவளைப் பார்த்தாள். பார்த்தது முகத்தை இல்லை, தொண்டையை. அடுத்த நொடி தாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு வீறிட்டாள். “அவதான். அம்மா, அவதான். அது அவ குரல்.”

காத்யா மகளின் முதுகைத் தடவிக்கொடுத்துக்கொண்டே இலேனியாவை நெடுநேரம் பார்த்தாள். கத்தவில்லை.

“என் பிள்ளைய அங்க அனுப்பினது நீ,” என்றாள். “நிறுத்தினதும் நீ. ரெண்டையும் ஒரே நாள்ல எங்கிட்ட குடுத்தா நான் என்ன பண்றது? கன்னத்துல அறையறதா, கையப் பிடிச்சுக்கிறதா? போ இப்ப. தயவுசெஞ்சு போ.”

இலேனியா போனாள்.

ஊர் இரண்டாகப் பிரிந்து பேசியது. புத்தகத்தைச் சதுக்கத்தில் வைத்துக் கொளுத்தவேண்டும் என்றது ஒரு கட்சி. அது இல்லாவிட்டாலும் கால்வாய் அங்கேதானே இருக்கிறது, படிக்கு ஏன் இத்தனை வருஷமாக வேலி இல்லை என்றது இன்னொரு கட்சி. ஒரியானோ யாரிடமும் கேட்காமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய் முள்கம்பி அடித்துவிட்டு வந்தான்.

இலேனியா பதிப்பகத்துக்குப் போய், அடுத்த பதிப்பில் ஏழு படிப் படத்தை எடுத்துவிடவேண்டும் என்றாள். பரிசு வாங்கிய படத்தை யாராவது எடுப்பார்களா என்று கேட்டார்கள். எங்கேயோ ஒரு மூலை ஊரில், ஒரே ஒரு பிள்ளை என்றார்கள். அவள் மேஜைமேல் இருந்த ஒப்பந்தத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழுந்ததும்தான் சம்மதித்தார்கள். புதுப் படத்தில் நீனா எங்கேயும் இறங்கிப் போகவில்லை. போர்தா தட்டுத்தடுமாறி வந்து சமையலறை ஜன்னலைத் தட்டுகிறாள். உள்ளே அம்மாவும் இருக்கிறாள். படம் சுமாராகத்தான் வந்தது. இலேனியாவுக்கே அது தெரியும்.

பிப்ரவரியில் ஒரு நாள் காத்யா போன் செய்தாள். பிள்ளை தொட்டியில் குளிக்க மாட்டேன் என்கிறது, குழாய் சொட்டினால் தூங்குவதில்லை என்றாள். டவுன் டாக்டரிடம் காட்டியாயிற்று. காலம் ஆகும் என்கிறார். பிறகு, “தினமும் உன்னைப் பத்திக் கேக்குறா. நல்ல விதமா கெட்ட விதமான்னு எனக்குத் தெரியல. வா,” என்றாள்.

இலேனியா சனிக்கிழமை மத்தியானம் போனாள். சமையலறையில் யாரும் இல்லாததுபோல இருந்தது. காத்யா அடுப்பில் பூசணிக்காய் அடைத்த மாவுப் பண்டத்தை வேகவைத்துக்கொண்டு, கண்ணால் உள்ளறைக் கதவைக் காட்டினாள். கதவு ஒருக்களித்திருந்தது. பின்னால் மூச்சு கேட்டது.

“பேசு,” என்றது கதவுக்குப் பின்னாலிருந்து குரல். “அந்தக் குரல்ல.”

இலேனியா காத்யாவைப் பார்த்தாள். காத்யா கரண்டியைப் பிடித்தபடி நின்றாள். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, சரி என்றும் சொல்லவில்லை.

“யாருடி அது,” என்றாள் இலேனியா, மெதுவாக.

“இன்னும் சத்தமா.”

“யாருடி அது, என் படியில கால வைக்கிறது?”

பானையில் தண்ணீர் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு கதவு திறந்தது. அம்ப்ரா வந்தாள், மேல்வரிசையில் ஒரு பல் பாதி முளைத்திருந்தது. ஒவ்வொரு அடியாக வந்து, எட்டி, இலேனியாவின் தொண்டைக்குழியில் விரலை வைத்தாள்.

“மறுபடி.”

இலேனியா மறுபடி சொன்னாள். விரலுக்கடியில் தொண்டை அதிர்ந்தது. அம்ப்ரா கையை எடுக்கவில்லை.

“இங்கதான் இருக்காளா?”

“ஆமா. இங்கதான்.”

“அப்ப கால்வாய்ல இல்லையா?”

காத்யாவின் கரண்டி நின்றது. இருக்கிறாள் என்றால் இந்தப் பிள்ளை இனியும் தூங்காது. இல்லை என்றால் வேலியைத் தாண்டிப் போகும். அவள் முழங்காலிட்டு உட்கார்ந்தாள்.

“கால்வாய்ல யாரும் இல்ல, அம்ப்ரா. வெறும் தண்ணிதான். ஆனா தண்ணிக்கு உன்னைத் தெரியாது. நீ நல்ல பிள்ளையா, உதவி பண்ண வந்தியான்னெல்லாம் அது பார்க்காது. நான் உங்கிட்ட சொன்னது தப்பு. வகுப்புல சொன்னதும் தப்பு, அங்க கத்தினதும்— அதை உன்னை நிறுத்துறதுக்காகக் கத்தினேன். வேற வழி தெரியல எனக்கு.”

அம்ப்ரா யோசித்தாள். “நீ ஏன் வந்து தூக்கல?”

“எனக்கு நீச்சல் தெரியாது.”

“இவ்வளவு பெரிய ஆளா இருந்துக்கிட்டா?”

“இவ்வளவு பெரிய ஆளா இருந்துக்கிட்டு.”

அது அம்ப்ராவுக்கு வேடிக்கையாகவும் இல்லை, சமாதானமாகவும் இல்லை. விரலை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். மேஜைக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள். காத்யா மூன்று தட்டு எடுத்துவைத்தாள். மூன்றாவதை இலேனியா பக்கம் நகர்த்தினாள். மூவரும் சாப்பிட்டார்கள். உருகின வெண்ணெயும் சேஜ் இலையும் மணத்தன.

பாதி தட்டு காலியானபோது அம்ப்ரா தலை நிமிராமல், “இன்னொரு தடவை,” என்றாள்.

“சாப்பிடும்போது வேண்டாம்,” என்றாள் காத்யா.